சிவப்புத் துணி கட்டிய பெட்டி

பாண்டீஸ்வரி கூமாப்பட்டியில் பிறந்தவள். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தென்னை. கூடப்பிறந்தவர்கள் மூன்று அண்ணன்மார். வத்திராயிருப்புக்கு சைக்கிளில் போய் பன்னிரண்டாவது வரை படித்தாள். மம்சாபுரத்தில் லாரி ஓட்டும் வேல்பாண்டிக்கு அவளைக் கட்டிக்கொடுத்து, வருகிற தையோடு பதினோரு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அது அவர்கள் பாடு.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இங்கே ஆணி அடித்தால் அங்கே சுண்ணாம்பு உதிரும். அதனால் நான் சொல்லுவதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி சுவர் வழியாகக் கேட்டது. போனையும் அவள் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள். கை இரண்டும் வேலையில் இருக்கும்.

வேலை என்றால் பில் போடுகிற வேலை. ராஜபாளையத்தில் தங்கப்பாண்டியன் என்பவர் பேண்டேஜ் துணிக் கம்பெனி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற வெள்ளைத் துணி. பதினாறு விசைத்தறி, துணியை வெட்டிச் சுருட்டிப் பெட்டியில் அடுக்க எட்டுப் பெண்கள், ஒரு ஆபீஸ் அறை. அவ்வளவுதான் கம்பெனி. பாண்டீஸ்வரி முதலில் சுருட்டுகிற வேலைக்குத்தான் போனாள். மருந்துத் துணி என்பதால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் உண்டு. எந்த நாள் நெய்தது, எந்த நாள் சலவைக்குப் போனது என்பது அந்த நம்பரில் இருக்கும். பில் போடுகிறவர் ஒரு கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் வராமல் இருந்தபோது, அந்த நம்பர்களை எல்லாம் பாண்டீஸ்வரி ஏட்டைப் பார்க்காமல் வாயாலேயே சொன்னாளாம். அவர் திரும்பி வந்தபோது அவருடைய நாற்காலியில் இவள் இருந்தாள். அவருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். இன்றைக்கும் அவர் இவளோடு பேசுவதில்லை.

அந்த ஆபீஸில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். பில் போட இவளுக்கு அது வேண்டும். வரவு செலவு பார்க்க முதலாளிக்கு வேண்டும். கேரளத்து ஆஸ்பத்திரிகளைச் சுற்றி ஆர்டர் பிடிக்கிற கௌதம்ராஜுக்கு, எந்தச் சரக்கு எத்தனை பெட்டி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நாற்காலிக்கு மூன்று பேர். இவள் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடப் பழகியது அங்கேதான். உட்கார்ந்து சாப்பிட எழுந்து போனால் நாற்காலி போய்விடும்.

ஆடிப்பூரத் தேர் ஓடிய வாரத்தில் வேல்பாண்டி லாரி மேலிருந்து விழுந்தான். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. தார்ப்பாய் கட்ட ஏறியவன், கயிறு அறுந்து பின்பக்கமாகக் கீழே விழுந்தான். இடுப்பு எலும்பு முறிந்தது. மதுரையில் கம்பி வைத்து அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்குப் படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வேலைக்குப் போ என்று அவளிடம் சொன்னேன். ஒருநாள் பார்த்தேன். அவனோ எருமைக்கடா கணக்காக இருக்கிறான். அவனைப் புரட்டியதில் எனக்குத் தோள் இறங்கிப் போய், மூன்று நாள் எண்ணெய் தேய்த்தேன்.

வருமானம் இனி அவளுடையது மட்டும்தான். அவளோ வாசலைத் தாண்ட முடியாது. முதலாளிக்குப் போன் போட்டாள்.

"மொதலாளி, ஆபீசு கம்ப்யூட்டர வீட்டுல இருந்தே ஓட்ட முடியுமாம்."

"ஓட்டுறதுக்கு அது என்ன உம் புருசன் லாரியாம்மா?"

"வெளையாடாதீக. எனக்கு வேற வழி இல்ல."

அந்தப் பக்கம் காலண்டரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "தீவாளி வரைக்கும் பார்ப்போம். ஒரு நா பில்லு நின்னாலும் வேற ஆளப் போட்டுருவேன். சத்திரப்பட்டியில இருந்து ஒரு பிள்ள வேலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு. நான் உனக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன், தெரிஞ்சுக்கோ."

கௌதம்ராஜ் எதையோ சும்மா கிடைக்கிறது என்று போட்டுக் கொடுத்தான். அது ஒரே திரையை மூன்று இடத்தில் காட்டுகிற சமாச்சாரம். இவள் வீட்டில் பழைய லேப்டாப் ஒன்றில் அம்புக்குறியை இடப்பக்கம் இழுப்பாள், அங்கே முதலாளி வலப்பக்கம் இழுப்பார், அது இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து நடுங்கும். அதை விட்டு, கம்ப்யூட்டரில் முன்பே இருக்கிற வழி ஒன்றில் போய்ப் பார்த்தார்கள். அதில் ஒருத்தர் உள்ளே போனால் முன்னால் இருந்தவர் வெளியே வந்துவிடுவார்.

"அக்கா, செத்த வெளிய இருங்க. டாக்டர் முன்னால நிக்கேன், சரக்கு இருக்கான்னு பார்த்துக்கிடுதேன்."

"ஏலே, நான் இப்பத்தானலே உள்ள போனேன். பில்லுல பாதி போட்டுட்டேன்."

"ரெண்டே நிமிசம்க்கா."

"இதையேதான் காலையிலயும் சொன்னே."

கட்டிலில் கிடந்த வேல்பாண்டிக்குச் சிரிப்பு. "டவுன் பஸ்சுல துண்டு போட்டு எடம் பிடிக்க மாதிரில்லா இருக்கு உங்க கம்ப்யூட்டர்."

மதுரையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து முதலாளியிடம் வேறொன்று சொன்னாராம். எல்லாவற்றையும் எங்கேயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம், உள்ளே போகிற ஆள் ஒவ்வொருத்தருக்கும் மாதம் இவ்வளவு வாடகை. தங்கப்பாண்டியன் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். "நான் நெய்யுறதே காயத்துக்குக் கட்டுற துணி. எனக்கே காயம் போட வாரானே" என்று சொன்னாராம். பதினாறு தறிக்காரருக்கு அது கட்டாது.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சூர்யபிரகாஷ் வந்தார். மடவார் வளாகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். ஆபீஸில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியையே கொஞ்சம் பலப்படுத்தி, ஒரே தடவை காசு கொடுத்து வாங்குகிற சாப்ட்வேர் ஒன்றை அதில் போட்டார். ஐந்து பேர் வரை ஒரே நேரத்தில் உள்ளே போகலாம். ஒவ்வொருத்தருக்கும் தனித் திரை. வெளியே இருப்பவர்களுக்குப் புது கம்ப்யூட்டர் வேண்டாம், பழைய லேப்டாப் போதும், போன்கூடப் போதும். உழைப்பதெல்லாம் ராஜபாளையத்துப் பெட்டிதான். உள்ளே போகும்போது கடவு எண் ஒன்று, பிறகு போனுக்கு வருகிற எண் ஒன்று, இரண்டையும் கேட்கும். யாரோ எவரோ நுழைய முடியாது.

இவள் வீட்டு லேப்டாப்பைச் சரிசெய்ய அவர் வந்திருந்தபோது நான் கேட்டேன். "அம்புட்டுப் பேரும் ஒரு பெட்டிக்குள்ள போனா ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்கிட மாட்டியளா?"

"வைத்தியநாத சாமி கோயிலுக்குப் போறிய. ஒரே சாமிதான் இருக்கு. அவியவிய வேண்டுதல அவியவிய சொல்லிட்டு வாரிய. பக்கத்துல நிக்கவுக என்ன வேண்டுதாகன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியாது. ஆனா சாமிக்கு மெயின் சுவிட்ச் கெடையாதுப்பா" என்றேன்.

நான் சொன்ன வாய் முகூர்த்தமோ என்னவோ, மூன்றாம் நாளே அந்த வம்பு வந்தது. காலை ஒன்பது மணிக்கு இவள் உட்கார்ந்தால் உள்ளே போகவே முடியவில்லை. பெட்டி செத்துக் கிடக்கிறது. கம்பெனியில் சோலைச்சாமி என்று ஒருத்தர். தறி மேஸ்திரி. அங்கே இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். சாயங்காலம் கடைசி ஆள் போனதும் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுவது அவர் வேலை. முன்னொரு காலத்தில் கரண்டு பொறி பட்டுப் பஞ்சுக் கழிவு எரிந்துபோனதிலிருந்து, அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. முந்தின நாளும் மறக்கவில்லை. மற்ற நாளில் விடிந்ததும் வந்து சுவிட்சை ஏற்றிவிடுவார், அன்றைக்குத் தறி ஓட நூல் வரவில்லை என்று பத்து மணிக்கு ஆடி அசைந்து வந்தார்.

"அண்ணாச்சி, இனிமே அணைக்காதீக. நாங்க வெளிய இருந்து வேலை பார்க்கோம்லா."

"ஆளே இல்லாத ரூம்புல மெசினு ஓடணுமாக்கும். யாருக்கு? பேய்க்கா?"

அன்றைக்குப் பில் பகல் பன்னிரண்டுக்குத்தான் போனது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குப் பயம். சூர்யபிரகாஷ் திரும்பவும் வந்து, அந்தப் பெட்டிக்கும் நெட் பெட்டிக்கும் மட்டும் பேட்டரியோடு தனி லைன் இழுத்தார். மெயின் சுவிட்சை இறக்கினாலும் அது இரண்டும் ஓடும். சோலைச்சாமிக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று பேச்சு வந்தபோது, யோசனை சொன்னது வேல்பாண்டி.

"கம்பியோ மூங்கிலோ வண்டிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா நாங்க செவப்புத் துணி கட்டுவோம்லா. அதக் கட்டச் சொல்லு. எவனும் கிட்ட வரமாட்டான்."

மேஜைக்குக் கீழே இருந்த பெட்டியில் ஒரு முழம் சிவப்புத் துணியைக் கட்டினார்கள். முதலாளி சோலைச்சாமியை நிற்க வைத்துச் சொன்னாராம். "இத நீரு தொடவே கூடாது. தூசி தட்டக்கூடத் தொடக்கூடாது."

சோலைச்சாமிக்கு மனசு விட்டுப்போயிற்று. பாண்டீஸ்வரிக்குப் போன் போட்டுத்தான் கொட்டினார். "பதினாறு தறியும் எங்கையில கெடக்கு. இந்த ஒத்தப் பெட்டிய நான் தொட்டா உருகிப் போயிருமாக்கும்? இருக்கட்டும். தொட மாட்டேன். செத்தாலும் தொட மாட்டேன்."

அதற்குப் பிறகு நாட்கள் ஒரே மாதிரி போயின. எட்டரைக்கு வேல்பாண்டிக்கு உடம்பு துடைத்துக் கஞ்சி கொடுப்பாள். ஒன்பதுக்கு முன்னால் தலை வாரி, பூ வைத்து, கம்பெனிக்குக் கட்டிப் போகிற சேலையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு, தையல் மெஷின் மேல் பலகை போட்டு வைத்த லேப்டாப் முன்னால் உட்காருவாள்.

"ஏட்டி, யாரு பார்க்கப் போறான்னு இம்புட்டுச் சிங்காரம்?" என்பான் அவன்.

"நான் பார்ப்பேம்லா."

பதினொன்றுக்கு எழுந்து அவனைப் புரட்டுவாள். ஒன்றுக்கு ஒருமுறை, மூன்றுக்கு ஒருமுறை. அப்போதெல்லாம், "ராசபாளையம் போயிட்டு வந்துட்டியா? பஸ்சு கூட்டமா?" என்று கேட்பான். அவளும், "எடம் கெடைச்சுச்சு, உட்கார்ந்துதான் வந்தேன்" என்பாள். புரட்டும்போது அவனுக்கு வலி உயிர் போகும். அதை மறைக்கத்தான் இந்தப் பேச்சு. இருவருக்கும் அது தெரியும்.

ஆயுத பூசை வந்தது. கம்பெனிக்கு லீவு. தறிகளை எல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைப்பார்கள். பூசை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலாளி காலையிலேயே குடும்பத்தோடு மலையடிவாரத்துக் குலசாமி கோயிலுக்குப் போய்விட்டார். அங்கே போன் எடுக்காது. பூசையை சோலைச்சாமிதான் போட்டார். போட்டுவிட்டுப் பாண்டீஸ்வரிக்குப் படமும் அனுப்பினார். எனக்கும் அதைக் காட்டினாள். கம்ப்யூட்டர் திரைக்குக் கதம்ப மாலை, நடுவில் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

"எல்லாத்தையும் அணைச்சுப் பூசை போட்டாச்சும்மா. நாளைக்குப் பத்தரைக்குத்தான் நல்ல நேரம்" என்று பேசியும் அனுப்பியிருந்தார்.

பாண்டீஸ்வரி அன்றைக்குத் தன் வீட்டில் அரிவாள்மனைக்கும் தையல் மெஷினுக்கும் வேல்பாண்டியின் லாரிச் சாவிக்கும் பொட்டு வைத்தாள். லாரி அவனுடையது அல்ல. சாவிகூடப் பழைய வண்டியின் சாவிதான். லேப்டாப்புக்கு வைக்க மறந்துபோனாள்.

இரண்டு மணி இருக்கும். நான் சுண்டல் கொடுக்கப் போயிருந்தேன். கௌதம்ராஜிடமிருந்து போன்.

"அக்கா, வண்டி படுத்துருச்சு."

முந்தின நாள் ஏற்றிவிட்ட சரக்கு, கொல்லத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. லாரி கேரள எல்லைக்கு முன்னால் புளியரையில் ஆக்சில் ஒடிந்து நின்றுவிட்டது. பூசைக்குத் தென்காசியில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்த கௌதம்ராஜ் அங்கே ஓடியிருக்கிறான். பூசை நாளில் மெக்கானிக் எவனும் ஸ்பானரைத் தொட மாட்டான். எப்படியோ இரண்டு சின்ன வண்டி பிடித்துவிட்டான். ஆனால் சரக்கு இரண்டு வண்டியில் பிரிந்தால் பில்லும் பிரிய வேண்டும். எந்தப் பெட்டி எந்த வண்டியில் என்று நம்பரோடு இருக்க வேண்டும், அதோடு ஈ-வே பில் என்று சரக்கோடு போகிற சர்க்கார் சீட்டும் புது வண்டி நம்பருக்கு மாற வேண்டும். அது இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியாது.

"நாலு மணிக்கு மேல நிக்க மாட்டோம்ங்கான் வண்டிக்காரன். மேக்க மழை கருத்துக்கிட்டு வருதுக்கா. அட்டைப்பெட்டி நனைஞ்சா அம்புட்டும் போச்சு."

மருந்துத் துணி ஒருமுறை நனைந்தால் பிறகு காயத்துக்கு ஆகாது. ஒரு நாள் பில் நின்றாலும் என்று முதலாளி சொன்னாரே, அந்த ஒரு நாள் வந்துவிட்டது. பாண்டீஸ்வரி சோலைச்சாமிக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, ஆபீசத் தொறந்து கம்ப்யூட்டர மட்டும் போட்டு விட்டுருங்க. நீங்க வேற ஒண்ணுஞ் செய்ய வேண்டாம்."

"பூசை போட்டதையா?"

"அவசரம் அண்ணாச்சி."

"தாயி, இருவத்திரண்டு வருசத்துல நான் ஒரு தடவகூட அப்பிடிச் செஞ்சதில்ல. தறியில கை போன கண்ணுச்சாமி தெரியும்லா உனக்கு? பூசை போட்ட அன்னைக்கு மெசின ஓட்டுனவன் அவன்."

"அது அடுத்த வாரம்லா நடந்துச்சு?"

"சாமி அன்னைக்கே கேக்கணுமா? ஒரு வாரம் கழிச்சுக் கேக்கக்கூடாதா?"

போனை வைத்துவிட்டார். முதலாளிக்கு ஆறு தடவை போட்டாள். கிடைக்கவில்லை.

வேல்பாண்டி கட்டிலிலிருந்து சொன்னான். "அந்தப் பயலுக்குப் போன் போட்டு, புளியரை எறக்கத்துல எடது பக்கம் ஒரு பழைய மர மில்லு ஷெட்டு இருக்கு, வண்டிய அங்க நிப்பாட்டச் சொல்லு. மழைக்கு ஒதுங்கலாம். பொறவு இன்னொண்ணு. நீ அந்தப் பெட்டிய ஒரு தடவ தட்டித்தான் பாரேன்."

"அதான் அணைச்சாச்சுன்னு படத்தோட அனுப்பிட்டாரே."

"கதவத் தள்ளிப் பார்க்காமலே சாவி இல்லன்னு அழுதா எப்பிடிட்டி?"

அவன் வாயை அடக்கத்தான் அவள் லேப்டாப்பைத் திறந்தாள். எண்ணைப் போட்டாள். போனுக்கு இன்னொரு எண் வந்தது. அதையும் போட்டாள். உள்ளே போய்விட்டது. ராஜபாளையத்துத் திரை இங்கே விரிந்து கிடக்கிறது.

சுட்டுவிட்டது போலக் கையை எடுத்துக்கொண்டாள்.

"பெரியம்மா, தொடலாமா?"

தொடாதே என்றேன். பூசை என்றால் பூசைதான். மழைக்கும் லாரிக்கும் அது தெரியாமல் இருக்கலாம், நமக்குத் தெரியும். அன்றைக்கு நான் சொன்னது அதுதான், இன்றைக்கும் என் கட்சி அதுதான். இதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அவள் என்னையும் பார்த்தாள், மணியையும் பார்த்தாள். பிறகு சோலைச்சாமிக்கே திரும்பவும் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, பெட்டி முழிச்சுக்கிட்டுல்லா இருக்கு."

"எந்தப் பெட்டி?"

"செவப்புத் துணி கட்டுன பெட்டி."

"அது முழிச்சுத்தான் இருக்கும். அதத் தொடவே கூடாதுன்னுட்டாகளே. நான் மேல டிவி மாதிரி இருக்குல்லா, அத அணைச்சுல்லா மாலை போட்டேன்."

"அப்ப கீழ உள்ள பெட்டிக்குப் பூசை?"

"தொடாம எப்பிடித் தாயி பொட்டு வைக்க? எட்டி நின்னு எறியவா?"

கட்டிலில் வேல்பாண்டி சிரிக்கப் போய், இடுப்பு வலித்து, வாயைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணாச்சி, வேலை பார்க்கது கீழ உள்ளதுதான். மேல உள்ளது சும்மா காட்டுறதுக்கு."

தறிச் சத்தம் இல்லாத கம்பெனியில் காகம் கத்துவது போனில் கேட்டது. அவருக்குள் என்ன ஓடியது என்று நமக்குத் தெரியாது. ஒரு மாதமாகத் தொடாதே தொடாதே என்று அவமானப்படுத்திய பெட்டி. பேசாமல் விட்டிருந்தால் அன்றைக்கு அந்தப் பெட்டிக்கும் அதைக் கொண்டுவந்தவர்களுக்கும் கெட்ட பெயர். அவர் அப்படிச் செய்யவில்லை.

"ஒரு வருசம் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அவசர ஆர்டர்" என்று மெதுவாகத் தொடங்கினார். "பெரிய மொதலாளி இருந்தாக அப்ப. ரெண்டு தறிக்கு மட்டும் பூசை போடாம தள்ளி வச்சு, அது ரெண்டையும் அன்னைக்கு ஓட்டுனோம். பொட்டு வைக்காதது ஓடலாம். அதுல தப்பில்ல. உன் வீட்டுல இருக்கே, அதுக்குப் பொட்டு வச்சியா?"

"மறந்துட்டேன் அண்ணாச்சி."

"நல்லதாப் போச்சு. வேலையப் பாரு. ஆனா ஒண்ணு, நாளைக்கு அந்தப் பெட்டிக்கு முறையாப் பூசை நடந்தாகணும்."

பாண்டீஸ்வரி உட்கார்ந்தாள். கௌதம்ராஜும் புளியரை மர மில் ஷெட்டில் நின்றபடி தன் போன் வழியாக அதே பெட்டிக்குள் வந்தான். யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை. எந்தத் துணிப்பெட்டி எந்த வண்டியில் ஏறுகிறது என்று அவன் அங்கே நம்பர் நம்பராகப் போடப் போட, இவள் இங்கே பில்லைப் பிரித்துக்கொண்டே வந்தாள். நடுவில் மூன்று மணி ஆயிற்று. எழுந்து போய் வேல்பாண்டியைப் புரட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு அவன் பஸ் கூட்டமா என்று கேட்கவில்லை.

மூன்று முப்பத்தைந்துக்கு இரண்டு பில்லும் போயின. நான்கு மணிக்கு வண்டிகள் கிளம்பின. கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது என்று கௌதம்ராஜ் சொன்னான். தார்ப்பாய் கட்டியாயிற்றா என்று வேல்பாண்டி இரண்டு தடவை கேட்டான்.

பொழுது சாய முதலாளி போன் போட்டார். கோயிலிலிருந்து இறங்கி, வந்து கிடந்த போன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"பூசை அன்னைக்கு வேல பார்த்தீகளாம்?"

"பார்த்தோம் மொதலாளி."

"சோலைச்சாமி ஒத்துக்கிட்டாரா?"

"அவிய சொல்லித்தான் தொட்டேன்."

அவருக்கு அதுதான் ஆச்சரியம் போல. "அவரே சொன்னாரா" என்று திரும்பவும் கேட்டார். பிறகு சொன்னார். "சத்திரப்பட்டிப் பிள்ளைய வர வேண்டாம்னு சொல்லிருதேன். தீவாளிக் கணக்கெல்லாம் வேண்டாம். உம் புருசன் எந்திரிச்சு நடந்தாலும் சரி, நடக்காட்டாலும் சரி, நீ வீட்டுல இருந்தே பாரு. ஆனா சம்பளத்துல பஸ்சு காசுன்னு ஒண்ணு குடுத்தேன்லா, அத நிப்பாட்டிருவேன்."

"நிப்பாட்டுங்க. எங்க வீட்டுக் கரண்டு பில்லுல பாதி நீங்க கட்டிருங்க."

"வெவரமாத்தான் இருக்கே" என்று வைத்துவிட்டார். கட்டுவேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை கட்டவும் இல்லை, பஸ் காசை நிறுத்தவும் இல்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் சோலைச்சாமியிடமிருந்து போன். "பத்தரைக்கு நல்ல நேரம். சந்தனம் கரைச்சு வச்சிருக்கேன். நான் தொடக்கூடாது. மொதலாளி சொன்னது சொன்னதுதான். நீ வந்து வையி."

"அண்ணாச்சி, இவிய கெடக்காகளே."

"அது எனக்குத் தெரியாது. தொடக்கூடாதுன்னுட்டாக, நான் தொட மாட்டேன்."

பிடிவாதத்தில் எனக்கு ஒரு ஜோடி ராஜபாளையத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போய்விட்டு வா, இரண்டு மணி நேரம்தானே என்று நான்தான் அனுப்பினேன். பதினொரு மணிப் புரட்டலை எதிர்வீட்டு ஐயாதுரையைக் கூட்டிவந்து இரண்டு பேருமாகச் சமாளித்தோம். அவள் அதே சேலைகளில் ஒன்றைக் கட்டி, பையை மாட்டிக்கொண்டு, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்தடவையாக பஸ் ஏறினாள்.

மேஜைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து, சிவப்புத் துணியை விலக்கி, பெட்டிக்குப் பட்டையும் பொட்டும் அவளே வைத்தாளாம். சோலைச்சாமி தட்டை மட்டும் நீட்டிக்கொண்டு ஓரடி தள்ளியே நின்றாராம். அணைக்கவில்லை, ஓடுகிறபடியே பூசை. அந்த நேரத்தில் கௌதம்ராஜ் தென்காசியிலிருந்து உள்ளேதான் இருந்தான், சரக்கு கொல்லம் சேர்ந்ததைப் பதிந்துகொண்டிருந்தான் என்று வந்து சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தாள். கையில் பொரிகடலைப் பொட்டலம். எனக்கு ஒரு பங்கு, ஐயாதுரைக்கு ஒரு பங்கு கொடுத்தாள். விரலில் மிச்சமிருந்த சந்தனத்தை லேப்டாப்பின் ஓரத்தில் தடவிவிட்டு, அப்படியே உட்கார்ந்து திறந்தாள்.

"ராசபாளையம் எப்பிடிட்டி இருக்கு?" என்றான் வேல்பாண்டி.

"அங்கனயேதான் இருக்கு" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.